சுவர் கேட்டு நடந்த காக்கா

எனக்கு எழுபத்தொன்பது வயது. எட்டுப் பிள்ளைகள் பெற்று ஏழு பேரை ஆளாக்கினேன். அதில் ஐந்து பேர் பெண்கள். நாலு பேருக்கு வீடு கட்டியும், கடைசி மகளுக்கு நான் இருந்த வீட்டை எழுதியும் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுத்தேன். ஆகவே ஒரு சுவர் என்றால் எவ்வளவு பாரம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். பெரியநீலாவணையில் தொடங்கி, கல்முனையைத் தாண்டி, எதுவரைக்கும் போக விருப்பமோ அதுவரைக்கும் போய் விசாரித்துப் பாருங்கள். வயல் கேட்டு அலைந்த ஆம்பிளை இருப்பான். தோணி கேட்டு அலைந்தவன் இருப்பான். இரண்டாம் கலியாணம் கேட்டு அலைந்தவனும் இருப்பான். சுவர் கேட்டு அலைந்த ஒரு மனிதர் இந்தத் துனியாவிலேயே ஒருவர்தான். அவர் மருதமுனையில், எங்கள் ஒழுங்கையில், எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருந்தார்.

வீடு கேட்கவில்லை. வளவு கேட்கவில்லை. சுவர் மட்டும். அதிலும் முழுச் சுவர் இல்லை. மூன்று முழ அகலம், இரண்டு முழ உயரம். அதில் ஒரு ஆணி. அந்த ஆணியில் அவர் கீறிய படம் ஒன்று தொங்க வேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதரின் ஆசை.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நிக்காஹ் எழுதியபோதும் ஜனாஸா அறிவித்தபோதும்தான் அது வெளியே வந்தது. இடையில் இருந்த காலமெல்லாம் அவர் சுவர்க் காக்கா. என் பிள்ளைகளின் வாப்பாவுக்கு அவர் ஒன்றுவிட்ட காக்கா, அண்ணன் முறை. அதனால் நானும் காக்கா என்றே கூப்பிட்டேன்.

தொழில், கடைகளுக்குப் போட், அதாவது பெயர்ப்பலகை, எழுதுவது. கல்முனைக் கடைத்தெருவில் பாதிப் போட் அவர் கையெழுத்து. எழுத்துகள் முத்து முத்தாக இருக்கும். படம் கேட்டால்தான் கரைச்சல். ஒரு தையல்கடைக்காரர், சேட்டுப் போட்ட ஒரு ஆள் நிற்கிற மாதிரிப் படம் கேட்டார். காக்கா சேட்டை மட்டும் கீறினார். கை மடித்து, கொலர் நிமிர்ந்து, பொத்தான் எல்லாம் பூட்டி, உள்ளே ஆள் இல்லாமல் அந்தச் சேட்டு தன்பாட்டில் நின்றது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்தவன் மௌத்தாகிப் போன மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட்டாராம். உயிர் உள்ளதைக் கீற மாட்டேன் என்று காக்கா சொல்லிவிட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இளந்தாரியாக இருந்தபோது கொழும்பில் ஒரு சினிமா பெனர் கீறுகிறவரிடம் மூன்று வருசம் வேலை செய்தவர். புதுப் பையன் என்று அவருக்கு மூக்கு மட்டும்தான் கொடுத்தார்களாம். ஆள் உயர மூக்குகள். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனால் சுஜூதில் தலை வைக்கிற இடத்தில் நடிகைமாரின் மூக்கு வந்து நிற்கும் என்று சொல்வார். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கப் போய், படக் கண்காட்சி நடந்த ஒரு மண்டபத்துக்குள் ஏறிவிட்டார். அந்தக் கதையை எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார்.

"உள்ளுக்குப் பாத்தா செவரு முழுக்கப் படம் புள்ள. ஒரு படத்திலயாவது ஒரு மூக்கு இல்ல. நெறம் மட்டும். நிண்ட எடத்துலயே அழுதுட்டன். வெள்ளக்காரன் தனக்கே தெரியாம நமக்கெண்டு செஞ்ச வேல இது. உருவமுமில்ல, குத்தமுமில்ல."

அன்றோடு மூக்கை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்தான். வந்து, நிறம் மட்டும் கீறத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆம்பிளை கலியாணம் முடித்து, பொஞ்சாதியின் வீட்டுக்குப் போய் இருப்பான். நெல்லு அவனுடையதாக இருக்கும், தோணி அவனுடையதாக இருக்கும், சுவர் அவனுடையதாக இருக்காது. ஆகவே காக்காவுக்குப் படம் கொழுவ வேண்டும் என்றால் ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். முதலில் சொந்தப் பொஞ்சாதியிடம் கேட்டார்.

பொஞ்சாதி பெயர் ஆசியா. என்னோடு ஒரே கொட்டிலில் தறி நெய்தவள். நான் நெய்ய, அவள் ராட்டில் குனிந்து நூல் சுற்றித் தருவாள். வாய் சும்மா இருக்காது. ஆசியா கொடுத்த பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. உருவப்படம் தொங்குகிற வீட்டுக்குள் றஹ்மத்துடைய மலக்குகள், அருள் கொண்டு வருகிற வானவர்கள், வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். உருவம் இல்லை என்று காக்கா சொல்கிறார். இல்லை என்று யார் பார்த்தது என்று ஆசியா கேட்டாள். என்னை வேலியால் கூப்பிட்டாள்.

"இவட கண்ணப் பத்தித் தெரியுந்தானே. இவட கண்ணுக்குத் தலையும் வாலும் அம்புடாத படமொண்டு கீறிக்கொண்டு வாங்க. அண்டைக்கு நானே ஆணி அடிக்கன்."

என் கண்ணைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். தறிப் பாவில் ஒரு இழை அறுந்தால் வேலிக் கடப்படியில் நின்றே இன்ன இடத்தில் என்று சொல்வேன். கடையில் மடித்து வைத்த சாரனில் பிழை பிடிப்பேன். அந்தக் கண்ணை வைத்துக் காக்காவின் முதல் படத்தைப் பார்த்தேன். என் பழைய தறியின் உடைந்த கட்டைகளில் சட்டம் அடித்து, மாச்சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, போட் எழுதி மிஞ்சிய பச்சையும் காவியும் பூசியிருந்தார். மூக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க இப்படியும் அப்படியும் பார்த்தேன். மேல் மூலையில் ஒரு ஆடு இருந்தது.

"ஆடு காக்கா. கொம்பு ரெண்டு, தாடி ஒண்டு."

காக்கா அந்த மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆசியா சிரித்த சிரிப்பில் ராட்டில் நூல் அறுந்தது.

ஆட்டை மறைத்துக் கொண்டு மறுகிழமை வந்தார். ஆடு போய்விட்டது, அது மறைந்த இடத்தில் ஒரு மீன் வால். மீனை மறைத்தார். நடுவில் ஒரு கால் பாதம் வந்தது, பெருவிரல் வேறு. பாதத்தை மறைத்தார், ஆந்தை வந்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் போய் நியாயம் கேட்டார். லெப்பைக்குக் கண்ணில் பூ விழுந்து முன்னால் நிற்கிறவரையே குரலால்தான் அறிவார். படத்தை வெயிலுக்குப் பிடித்து, விரலால் தடவி, மணந்தும் பார்த்துவிட்டு, தறிக்காரி இல்லை என்று சொன்னால் இல்லை, அவள் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

ஊர் இதை ஒரு விளையாட்டாக எடுத்தது. ஒரு சாரன் முதலாளியின் வீட்டில் மனம் இரங்கி மூன்று நாள் கொழுவி வைத்தார்கள். மூன்றாம் நாள், கட்டிலில் கிடந்த மாமியார் விழித்துப் பார்த்துவிட்டு, அந்தக் குரங்கை எடுக்கும்வரை கஞ்சி குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். காக்கா போய்க் குரங்கை மறைத்தார். மறைக்க மறைக்கப் படம் தடித்தது. பச்சை போய்க் காவி போய், எல்லாம் சேர்ந்து மாரிக் கடலின் நிறத்துக்கு வந்தது. பெயின்டின் பாரத்தில் மாச்சாக்கு தொந்தி வைத்தது. அந்த ஒரு படத்தைத்தான் அவர் கீறிக்கொண்டே இருந்தார்.

அவருடைய சைக்கிளில் பெயின்ட் டின்கள் கட்டியிருக்கும். ஒழுங்கை முனையில் டின் சத்தம் கேட்டால் பெண்கள் எல்லாம் எழும்பி, வெறுஞ்சுவரில் எதையாவது கொழுவிவிடுவோம். சுளகு, பாய், போன வருசத்துக் கலண்டர், பிள்ளையின் சட்டை. உள்ளே வந்தால், ஐயோ காக்கா இடம் இல்லையே என்று சொல்வதற்கு. ஒரு நாள் அவசரத்தில் நான் ஆணியில் ஒரு தேங்காய் துருவியைக் கொழுவிவிட்டேன். காக்கா வாசலில் நின்று அதை வடிவாகப் பார்த்தார். போகும்போது, அது கொஞ்சம் சரிவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெரிய சூறாவளி வந்தது அந்தக் காலத்தில்தான். தென்னைகள் எல்லாம் தலை இல்லாமல் நின்றன. எங்கள் கூரைத் தகரத்தை இரண்டு ஒழுங்கை தள்ளி எடுத்தோம். விடிந்ததும் ஊரே ஆடு தேடியது, மாடு தேடியது, ஆள் தேடியது. சுவர்க் காக்கா சைக்கிளும் இல்லாமல், படத்தைத் தென்னங்கிடுகில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, எந்த எந்தச் சுவர் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு போனார். கூரை போன வீட்டு வாசலில் தலையில் கை வைத்து இருந்த ஒரு மூத்தம்மாவிடம் போய், கூரை போனால் என்ன, சுவர் நிற்கிறதே, அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னாராம். அந்த மூத்தம்மா எடுத்து எறிந்த சட்டி அவர் நெற்றியில் பட்டு, அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

ஆறுதல் சொல்லத்தான் போனார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

சூறாவளிக்குப் பின் வந்த காய்ச்சலில் ஆசியா படுத்தாள். பதினொரு நாள். எழும்பவில்லை. என் தறிக்குப் பக்கத்தில் ராட்டு சும்மா கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. நூல் சுற்ற வேறு பிள்ளை வந்தபோதும், அவளுக்கு வேறு ராட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருசம் காக்காவின் மகளுக்குக் கலியாணம். வீடு மகளுக்கு எழுதியாயிற்று. மருமகன் வீட்டுக்குள் வர, மாமனார் வளவுக்குள் போனார். யாரும் துரத்தவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், அவரே போனார். வேலியோரம் ஒரு கிடுகுக் குடில் கட்டிக்கொண்டார். முன்பக்கம் திறந்த குடில். மூன்று பக்கமும் கிடுகு. கிடுகில் ஆணி நிற்காது. படத்தைத் தரையில் ஒரு செங்கல் வைத்துச் சாய்த்துவிட்டு, அதற்கு முன்னால் குந்தி இருந்து கீறுவார். சுவர் கேட்டுப் போவதை நிறுத்திவிட்டார். டின் சத்தம் கேட்காமல் போனது. சுளகுகள் எல்லாம் குசினிக்குப் போய்விட்டன. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பில் இருந்து ஒருவர் தறி பார்க்க வந்தார். பெண்பிள்ளை போல முடி. தோளில் துணிப்பை. செருப்பின் வார் ஒன்று அறுந்து, அதைக் கம்பியால் கட்டியிருந்தார். பெரிய இடத்து ஆளாம். தமிழ் பாதி இங்கிலீசு பாதியாகக் கதைத்தார். என் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றவர் வேலிக்கு மேலால் அடுத்த வளவைப் பார்த்தார். குடிலில் சாய்த்து வைத்த படத்தைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார். நெடுநேரம் நின்றதால், வெயில் தலையில் அடித்துவிட்டது என்று நினைத்து நான் கதிரையும் தண்ணீரும் அனுப்பினேன். அவர் கதிரையில் இருக்காமல், அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய கண்காட்சியில் வைக்கப்போகிறார் என்று அன்று அஸர் தொழுகைக்கிடையில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை குரங்கு கண்டவர்களும் மீன் கண்டவர்களும் நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். காக்கா யாரையும் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் நல்ல பிள்ளை. வாப்பா மீது இரக்கமும் உண்டு, ஊருக்குப் பயமும் உண்டு. அன்று இரக்கம் வென்றது.

"கொழும்புல கொழுவுற படம் இஞ்ச ஏன் தொங்கக்கூடாது வாப்பா. போய்க் கொண்டு வாங்க. நான் ஆணி அடிச்சி வைக்கன்."

அடித்தும் வைத்தாள். நான் போய்ப் பார்த்தேன். முன் சுவரின் நடுவில், புது ஆணி.

காக்கா வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கொழும்புக்குப் போனார், வந்தார். வந்து எங்கள் கொட்டில் வாசலில் நின்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், மற்றதும் வரும்.

"ஒரு படத்துக்கு ஒரு செவரு முழுசா புள்ள. வெள்ளச் செவரு. ஒரு சொளகு கூட இல்ல."

படம் லொறியில் வந்து சேருமுன்னே பத்திரிகை வந்தது. முடி வளர்த்தவர் தபாலில் அனுப்பியிருந்தார். இங்கிலீசுப் பத்திரிகை. மருமகனுக்குக் கந்தோரில் எழுத்து வேலை, இங்கிலீசு வாசிப்பார். வளவில் பாய் விரித்து, ஒழுங்கையே கூடி இருந்தது. காக்கா அந்த வெள்ளைச் சேட்டோடு நடுவில் இருந்தார். மருமகன் ஒரு வரி வாசித்து ஒரு வரி சொன்னார். காக்காவின் பெயர், ஊர், நிறத்தைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு அவர் நிறுத்தினார். வாசியுங்கள் என்றார்கள். மருமகன் மாமனாரைப் பார்க்காமல் வாசித்தார். அந்த இருட்டு நிறத்துக்குள் குனிந்து வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள், பார்க்கிறவர்கள் மெல்ல மெல்ல அவளைக் காண்கிறார்கள், என்று எழுதியிருந்தது.

யாரோ ஒருத்தி, கொழும்பானும் கண்டுவிட்டான் என்று மெதுவாகச் சொன்னாள். மகள் எழும்பி உள்ளே போனாள். ஆணியைப் பிடுங்கவில்லை. அதில் கூப்பன் வைக்கிற பையைக் கொழுவினாள். இரண்டு நாளில் படம் சாக்கில் சுற்றி வந்து, பழையபடி செங்கல்லுக்கு மேல் ஏறியது.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை. கோபம். உண்மையைச் சொல்வதற்கு என்ன. எத்தனை வருசமாக அந்தப் படத்தை மூக்கு முட்டப் பார்த்தவள் நான். ஆடு கண்டேன், மீன் கண்டேன், ஆந்தை கண்டேன். நான் காணாத ஒரு பெண்ணைச் செருப்பறுந்த ஒருவன் வேலிக்கு மேலால் கண்டுவிட்டானா. காலையில் தறியை விட்டு எழும்பி, வேலியால் தாண்டி, குடிலடிக்குப் போனேன். காக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தி இருந்தார். படத்துக்கு முன்னால் இருந்து ஒரு சாண், ஒரு சாணாகத் தேடினேன். ஒரு மண்ணும் இல்லை.

"எங்க காக்கா பொம்புள?"

"அறுந்த இழை தேடுற மாதிரிப் பாக்காய். தள்ளிப் போ. இன்னம் போ. வேலியடிக்குப் போ."

வேலியடிக்குப் போய்த் திரும்பினேன்.

ராட்டில் குனிந்து இருந்தாள். முகம் இல்லை, கண் இல்லை, கை கூட வடிவாக இல்லை. அந்த முதுகு மட்டும். முக்காடு ஒரு பக்கம் வழுகி, அதை இழுத்துவிட நேரம் இல்லாமல் நூலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற அந்த வளைவு. பதினைந்து வருசம் என் வலப்பக்கத்தில் இருந்த வளைவு. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கீறல்ல புள்ள," என்றார் காக்கா. "நீ சொன்ன ஆட்ட மறைச்சன், மீன மறைச்சன், ஆந்தைய மறைச்சன். மறைக்க மறைக்க அவ வந்துட்டா."

எப்போது கண்டீர்கள் என்று கேட்டேன். அவள் மௌத்தாகி நாற்பது கழிந்து இரண்டு நாளில் என்றார். அதற்குப் பிறகு ஒரு கோடு கூடக் கீறவில்லையாம். தூரிகையைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் கீறுகிறார் என்று நினைத்திருக்கிறோம்.

"கொழும்புக்கு ஏன் அனுப்பினீங்க?"

"ஒரு நாளாவது செவர்ல இருக்கட்டுமெண்டு."

பிறகு எழும்பிப் போய் ஒரு டின்னைத் திறந்தார். கடும் நீலம். ஆசியாவோடு பேசிய பேச்சு பேச்சுத்தான் என்றார். தலையும் வாலும் தெரியாத படம் என்றுதானே பேச்சு. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தறிக்குத் திரும்பிப் போனேன். அன்று முழுக்க நெய்த சாரனில் எட்டுப் பிழை.

மறுநாள் காலை டின் சத்தம் கேட்டது. நான் சுளகைத் தேடவில்லை. காக்கா படத்தைச் சைக்கிளில் இருந்து இறக்கி, என் முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்தார். நீலம் இன்னும் காயவில்லை. அவர் பின்வாங்கிப் போய்க் கதவடியில் நின்றார்.

"கடைசித் தரம் புள்ள. இதுக்குப் பொறகு ஒருத்தரிட்டயும் கேக்க மாட்டன். பாத்துச் சொல்லு."

இந்த முறை நான் கிட்டப் போகவில்லை. அவர் நின்ற கதவுக்கு மற்றப் பக்கம் நின்று பார்த்தேன். நீலம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஆனால் எத்தனை வருசத்துப் பெயின்ட் அது. அடியில் தடித்துக் கிடந்த கோடுகள் மேலே மேடு கட்டி நின்றன. வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் அந்த முதுகு எழும்பி வந்தது. முன்னையதைவிடத் தெளிவாக. முக்காடு வழுகின இடம்கூட.

காக்கா படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் அந்தச் சட்டித் தழும்பு. தாடியின் நுனியில் நீலம்.

என் கண் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. என் வாய் அன்றைக்குச் சொன்னது.

"ஒண்டுமில்ல காக்கா."

"வடிவாப் பாரு."

"வடிவாப் பாத்துத்தான் சொல்றன். தலையுமில்ல, வாலுமில்ல."

அலவாங்குக்குப் பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து நானே ஆணி அடித்தேன். பிள்ளைகளின் வாப்பா வயலால் வந்து, இது என்ன என்று கேட்டார். இந்தச் சுவர் என் உம்மா எனக்குத் தந்த சுவர் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. லெப்பையும் ஆள் அனுப்பி ஒன்றுதான் கேட்டார், தறிக்காரி பார்த்தாளா என்று. பார்த்தேன் என்று சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. ஆடு தேடிப் பலர் வந்தார்கள். எல்லாரும் கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லைத்தான் என்று ஏமாந்து போனார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முடிந்து காக்கா வருவார். உள்ளே வரமாட்டார். கதவடியில், அதே இடத்தில் நிற்பார். தேத்தண்ணியை நின்றபடியே குடிப்பார். ஒரு அங்குலம் கிட்டவும் இல்லை, தூரவும் இல்லை. அவர் நிற்கிற அந்த இடத்தை வைத்துத்தான் அவருக்கும் அவள் தெரிகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்தது இல்லை. கோப்பையைத் தரும்போது கேட்பார், இன்னும் ஒன்றும் இல்லைத்தானே என்று. ஒன்றும் இல்லை காக்கா என்பேன்.

பிறகு ஊர் கலங்கிய காலம் வந்தது. ஒரு நாள் பின்னேரம், வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, யார் வருகிறார்கள் என்று கேட்காமலே எல்லாரும் பள்ளிவாசலுக்கு ஓடினோம். ஒருத்தி தையல் மெசினைத் தூக்கினாள், ஒருத்தி கோழியைத் தூக்கினாள். நான் பள்ளிக் கேற்றடியில் நின்று பார்க்கும்போது என் கக்கத்தில் அந்தப் படம். அரிசி வீட்டில். நகை வீட்டில். பிள்ளைகளின் வாப்பா தலையில் அடித்துக்கொண்டார். காக்கா கூட்டத்துக்குள்ளால் வந்து, அதை என்னிடம் இருந்து வாங்கி, முகப்புறத்தைத் தன் நெஞ்சோடு திருப்பிப் பிடித்துக்கொண்டார். விடியும்வரை அப்படியே இருந்தார். யாரும் வரவில்லை.

அந்த மாரியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணியைப் பாதியில் தந்துவிட்டு, வழமையான கேள்வியைக் கேட்கவில்லை.

"உன்ட கண்ணும் மங்கிட்டுதுபோல புள்ள," என்றார்.

"ஓம் காக்கா. மங்கிட்டுது."

சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் கண்டது அன்றுதான். புதன்கிழமை ஜனாஸா.

நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. வீட்டைக் கடைசி மகளுக்கு எழுதும்போது அந்த ஆணியைச் சொல்லித்தான் எழுதினேன். நீலம் வெடித்துத் தூள் தூளாக உதிர்கிறது. நான் தொழுவது பின்னறையில். உருவம் தொங்குகிற வீடு என்று தெரிந்தே வைத்திருந்தேன். இல்லை என்று பொய்யும் சொன்னேன். இரண்டுக்கும் நாளை மறுமையில் றப்பிடம் நான் பதில் சொல்வேன். அவன் எல்லாவற்றையும் பார்க்கிறவன். அந்த முதுகையும் பார்த்திருப்பான்.

என் கண்ணில் இப்போது உண்மையிலேயே பூ விழுந்துவிட்டது. கிட்ட இருப்பது எதுவும் தெரியாது. கதவடியில் நின்று பார்த்தால் சுவரில் ஒரு நீலம் தெரியும், அதற்குள் ஒரு வளைவு. அது போதும்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தரம் வாசி. உன் குரல் மெல்லிய குரல், அதனால் சொல்கிறேன், கொஞ்சம் சத்தமாக வாசி கிளி. கதவடியைப் பார்த்து வாசி. அந்த மனிதர் ஒரு நாளும் உள்ளே வந்து இருந்து கேட்கிறவர் இல்லை.